ஆற்றின் சத்தம் மாறியபோது



இம்மாதம் ஓர் ஆற்றைக் குறித்து எழுதுகிறேன். அதின் பெயர் தீர்த்தன். இமாச்சலப் பிரதேசத்தின் குல்லு மாவட்டத்தில், பனிமலைகளின் அடியில் பிறந்து, தேவதாரு மரங்களுக்கு நடுவே ஓடி, லார்ஜி என்னுமிடத்தில் பியாஸ் நதியோடு சேருகிற ஆறு அது. அந்த ஆற்றங்கரைக் காட்டில் ஒரு நாள் நான் தனியாக மீன்பிடிக்கச் சென்றேன். அன்று நான் பிடித்தது ஒரே ஒரு மீன். ஆனால் என் ஊழியத்தில் பல வருடங்களாக நான் தவறாகச் சொல்லிவந்த ஒரு காரியத்தை அங்கேதான் உணர்ந்தேன். ஆகையால் இதை ஒரு பிரயாணக் குறிப்பாக மாத்திரமல்ல, ஓர் அறிக்கையிடுதலாகவும் வாசிக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.

நான் தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவன். பள்ளிக்கூடம் விட்டதும் மூங்கில் கம்பும், தங்கூஸ் நரம்பும், மயிலிறகுத் தண்டில் செய்த தக்கையும், சிரட்டையில் மண்புழுவுமாக ஆற்றுக்கு ஓடுவோம். கெண்டையோ கெளுத்தியோ நாலைந்து கிடைத்தால் அன்றைக்கு வீட்டில் குழம்பு மணக்கும். வேதாகமக் கல்லூரிக்குப் போன பிறகு அந்தக் கம்பு பரணில் ஏறிவிட்டது. ஊழியத்தின் நிமித்தம் டில்லிக்கு வந்து இருபது வருடங்களுக்கு மேல் ஆயிற்று. இங்கேயும் யமுனை ஓடுகிறது. அதிலே தூண்டில் போட யாருக்கு மனம் வரும்?

2018ஆம் ஆண்டு மே மாதம், பள்ளி விடுமுறையின்போது, மத்திய அரசு அலுவலகத்தில் வேலை செய்யும் எங்கள் சபைச் சகோதரர் ஒருவர், தம் குடும்பத்தோடு என்னையும் என் மனைவியையும் தீர்த்தன் பள்ளத்தாக்கிற்கு அழைத்துச் சென்றார். "பாஸ்டர் ஐயா, இத்தனை வருஷமாக ஓய்வே எடுக்காமல் இருக்கிறீர்கள். அங்கே மீன்பிடிக்கலாம், வாருங்கள்" என்றார். மீன் என்ற வார்த்தையைக் கேட்டதும் மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

சாயங்காலம் காஷ்மீரி கேட் பேருந்து நிலையத்தில் மணாலிப் பேருந்தில் ஏறினோம். விடியும் நேரத்தில் பண்டோ அணையைக் கடந்து, பியாஸ் நதியின் ஓரமாகப் பேருந்து வளைந்து வளைந்து ஏறிக்கொண்டிருந்தது. தலோட் என்ற இடம் வந்தபோது சகோதரர் என் தோளைத் தொட்டு ஆற்றைக் காண்பித்தார். 2014ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் தேதி சாயங்காலம், ஐதராபாத்திலிருந்து சுற்றுலா வந்த பொறியியல் மாணவர்கள் அந்த இடத்திலே ஆற்றுப் பாறைகளின்மேல் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே லார்ஜி அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட தண்ணீர் திடீரென்று பெருகி வந்தது. 24 மாணவ மாணவிகளும், அவர்களோடு வந்த சுற்றுலா உதவியாளர் ஒருவரும் அடித்துச் செல்லப்பட்டார்கள். அவர்கள் பாறையில் ஏறியபோது ஆறு சாதுவாக இருந்தது. நானும் என் மனைவியும் அந்தப் பெற்றோரை நினைத்து மௌனமாக ஜெபித்தோம். அன்றைக்கு அந்த ஆற்றைப் பார்த்துக் கண் கலங்கினேனே தவிர, அதிலே எனக்கும் ஒரு பாடம் இருக்கிறதென்று நான் எண்ணவில்லை.

ஔட் என்ற ஊரில், சுரங்கப்பாதைக்கு முன்பாக இறங்கினோம். அங்கிருந்து வாடகை வண்டியில் லார்ஜி, பஞ்சார் வழியாகக் குஷைனி போய்ச் சேர்ந்தோம். அங்கே பலாச்சன் என்னும் ஓடை தீர்த்தனோடு கலக்கிறது. கல்லும் மரமும் அடுக்கடுக்காக வைத்துக் கட்டிய பழைய வீடுகள், சிலேட்டுக் கல் வேய்ந்த கூரைகள், ஆப்பிள் தோட்டங்கள், அவற்றிற்கு மேலே காடு, காட்டிற்கு மேலே பனி. அந்த ஊருக்கு அப்பால் சில மணி நேரம் நடந்தால் பெரிய இமயமலைத் தேசியப் பூங்கா தொடங்கும். 754 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தக் காட்டை யுனெஸ்கோ நிறுவனம் 2014இல் உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. கருங்கரடி, சிறுத்தை, கஸ்தூரி மான், வரையாட்டின் உறவான தார் ஆடு ஆகியவை அங்கே உண்டு. அந்த ஜனங்கள் "ஜுஜுராணா" என்று அழைக்கிற, பறவைகளின் ராஜா என்று பொருள்படும் அழகிய மலைக்கோழியும் உண்டு.

தீர்த்தன் ஆற்றில் இருப்பது ட்ரவுட் என்னும் மீன். அது இந்த மலையின் சொந்த மீன் அல்ல. ஆங்கிலேயர் காலத்தில், 1909ஆம் ஆண்டு வாக்கில், ஹோவெல் என்ற அதிகாரி ஐரோப்பிய ட்ரவுட் மீனின் முட்டைகளைக் கொண்டுவந்து குல்லுப் பகுதியில் பொரிக்கச் செய்தார். அப்படி விடப்பட்ட மீன் இந்தக் குளிர்ந்த ஆறுகளையே தன் வீடாக்கிக்கொண்டது. பிழைக்க வந்த தேசத்தில் வேர்விட்ட மீன் என்று கேட்டபோது, டில்லித் தமிழனாகிய எனக்கு அதின்மேல் ஒரு தனிப் பிரியம் வந்தது. நவம்பர் முதல் பிப்ரவரி முடியும்வரை அது முட்டையிடும் காலம். அப்போது பிடிக்க அரசு தடை உண்டு. மற்ற மாதங்களில் மீன்வளத்துறையின் அனுமதிச் சீட்டு வாங்கித் தூண்டிலால் மாத்திரம் பிடிக்கலாம். நானும் சீட்டு வாங்கிக்கொண்டேன்.

நாங்கள் தங்கியிருந்த வீட்டின் பெரியவருக்கு எழுபது வயது இருக்கும். வட்டமான குல்லுத் தொப்பி, சுருக்கம் விழுந்த முகம், குறைவான பேச்சு. தம்முடைய தூண்டில் கோலையும் பளபளக்கும் உலோக மீன்முள்ளையும் எனக்குக் கொடுத்து, இந்தியில் நான்கு காரியங்களைச் சொன்னார். "பாபுஜி, தனியாகப் போகாதீர்கள், போனால் எந்த மடுவரை போகிறீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போகாதீர்கள். வழியெல்லாம் சத்தமாகப் பாடிக்கொண்டே நடங்கள். உங்கள் நிழல் உங்கள் காலடிக்கு வரும்போது திரும்பிவிடுங்கள்."

பாடச் சொன்னது எதற்கென்று கேட்டேன். "ஆறு இரைகிற இடத்தில் கரடிக்கு உங்கள் காலடி கேட்காது, உங்களுக்கும் அதின் காலடி கேட்காது. திடீரென்று எதிரே பார்த்தால் அது பயந்துபோய்ப் பாயும். தூரத்திலேயே உங்கள் குரலைக் கேட்டால் அதுவே விலகிப் போய்விடும்" என்றார்.

மறுநாள் சகோதரரின் பிள்ளைக்குக் காய்ச்சல். ஆகவே நான் மாத்திரம் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டேன். என் மனைவியிடம், "கொஞ்சம் மேலே போய் வருகிறேன்" என்று சொன்னேனே அன்றி, எதுவரை என்று சொல்லவில்லை. எனக்கே அது தெரியாது. கைப்பேசியை எடுத்துக்கொண்டேன், ஊரைத் தாண்டியதும் அதிலே சிக்னல் போய்விட்டது. பெரியவரின் நான்கு வார்த்தைகளில் இரண்டை ஊர் எல்லையிலேயே விட்டுவிட்டேன் என்று இப்போது தெரிகிறது. பாடுவதை மாத்திரம் விடவில்லை. நம்முடைய பாமாலைகளையும் கீர்த்தனைகளையும் இமயமலைக் கரடிகள் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டிருக்கும்.

ட்ரவுட் பிடிக்கிறதில் ஒரு கண்ணி இருக்கிறது. அந்த மீன் நீரோட்டத்திற்கு எதிர்முகமாக நின்று, மிதந்து வருகிற பூச்சிகளுக்காகக் காத்திருக்கும். அதின் கண்ணில் படாமலிருக்க வேண்டுமானால், பிடிக்கிறவன் அதற்குப் பின்னாலிருந்து, அதாவது ஆற்றின் கீழ்ப்புறத்திலிருந்து மேல்நோக்கி நடக்கவேண்டும். ஆகவே ஒவ்வொரு மடுவும் முடிந்தவுடன் அடுத்த மடு இன்னும் மேலே, இன்னும் காட்டுக்குள்ளே இருக்கும். "இன்னும் ஒன்று மாத்திரம்" என்று சொல்லிச் சொல்லியே மனுஷன் வெகுதூரம் போய்விடுகிறான். நானும் போனேன். ஒன்பது மணிக்கு ஒரு மீன் அகப்பட்டது. பழுப்பு நிற உடலில் சிவப்புப் புள்ளிகள். என் பத்து வயதின் சந்தோஷம் அப்படியே திரும்பி வந்தது. பத்து மணிக்கு, ஆற்றின் நடுவே இருந்த ஒரு கல்மேட்டிற்கு, முழங்காலுக்குக் கீழே ஓடிய தண்ணீரில் நடந்து சென்றேன். அந்த மேட்டின் மறுபுறத்தில் ஆழமான பச்சை மடு ஒன்று இருந்தது. உணவுப் பையை ஒரு வெள்ளைக் கோடு ஓடிய பாறையின் அருகே வைத்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டேன்.

நிழல் காலடிக்கு வந்தது. நான் திரும்பவில்லை.

ஒரு மணி இருக்கும். காரணம் ஒன்றும் தெரியாமல் என் பிடரி சிலிர்த்தது. யாரோ பின்னால் நிற்கிறது போன்ற உணர்வு. திரும்பிப் பார்த்தேன்; மரங்கள்தான் நின்றன. தூண்டிலை வீசினேன், மறுபடியும் அதே கலக்கம். மூன்று தரம் திரும்பிப் பார்த்தும் ஒன்றையும் காணவில்லை. சிறுத்தையோ என்று நினைத்தேன். கத்தியோடு யாராவது வருகிறார்களோ என்று நினைத்தேன். வாய் உலர்ந்துபோயிற்று. "போய்விடு, போய்விடு" என்று உள்ளே ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது.

அப்போது நான் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன். எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. "பயப்படாதே என்று இத்தனை வருஷம் பிரசங்கித்தவன், யாருமில்லாத காட்டில் ஒரு நிழலுக்குப் பயப்படுகிறாயே!" என்று என்னை நானே கடிந்துகொண்டேன். அது சத்துருவின் தந்திரம் என்று தீர்மானித்து, சத்தமாக ஜெபித்து, அந்தப் பயத்தை எதிர்த்து நின்றேன். நின்றேன் என்பது நிஜம். அந்தக் கல்மேட்டிலேயே இன்னும் முக்கால் மணி நேரம் வேண்டுமென்றே நின்றேன். அதை விசுவாசம் என்று எண்ணிக்கொண்டேன். இப்போது யோசிக்கும்போது, அதிலே பாதிக்கு மேல் வீம்பு என்றே தோன்றுகிறது.

பிறகு பையை எடுக்கத் திரும்பினேன். வெள்ளைக் கோடு ஓடிய பாறையைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது. பை ஒரு கல்லிடுக்கில் நனைந்து கிடந்தது. பச்சையாக இருந்த ஆறு சாம்பல் நிறமாக மாறியிருந்தது. அதின்மேல் சருகுகளும் சிறு குச்சிகளும் விரைந்து மிதந்து வந்தன. காலையில் நான் கடந்த வாய்க்கால், இப்போது ஓர் ஆறாகவே ஓடிக்கொண்டிருந்தது.

காத்திருந்தால் இன்னும் ஏறும் என்று புரிந்தது. தூண்டில் கோலைக் கைத்தடியாக ஊன்றிக்கொண்டு இறங்கினேன். நாலாவது அடியில் தண்ணீர் தொடைக்கு வந்தது. பனி உருகிய அந்தத் தண்ணீரின் குளிர் மூச்சையே நிறுத்துகிறது, எலும்பு வலிக்கிறது, கால் எங்கே இருக்கிறதென்று தெரிவதில்லை. காலடியில் ஒரு கல் உருண்டது. விழுந்தேன். தண்ணீர் என்னைப் புரட்டி எடுத்து இருபது முப்பது அடி தூரம் கொண்டுபோனது. "இயேசுவே" என்று கூப்பிட நினைத்த வாய்க்குள் தண்ணீர்தான் புகுந்தது. கரையோரத்து மரம் ஒன்றின் வேர் ஆற்றுக்குள் நீண்டிருந்தது. அது கையில் அகப்பட்டது. எப்படி ஏறினேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. கரையில் குப்புறக் கிடந்து நடுங்கினேன். கோலும் பையும் கண்ணாடியும் போய்விட்டன. அந்த ஒரே மீனும் போய்விட்டது.

ஊர் எல்லையில் பெரியவரும் சகோதரரும் என்னைத் தேடி வந்துகொண்டிருந்தார்கள். எந்தப் பக்கம் தேடுவதென்று அறியாமல் முதலில் வேறொரு பாதையில் போய்த் திரும்பியிருந்தார்கள். என் மனைவி என்னைப் பார்த்து அழவில்லை. "எதுவரை போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? உங்களை எங்கே என்று நான் தேடுவேன்?" என்று மாத்திரம் கேட்டாள். அதற்கு என்னிடத்தில் பதில் இல்லை.

அன்றிரவு அடுப்பங்கரையில் உட்கார்ந்து பெரியவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோலைத் தொலைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் கோலைக் குறித்துப் பேசவில்லை. "பயம் எத்தனை மணிக்கு வந்தது?" என்று கேட்டார். ஒரு மணிக்கு என்றேன். தலையசைத்தார்.

"காலை வெயிலில் மேலே பனி உருகத் தொடங்கும். அந்தத் தண்ணீர் இங்கே வந்து சேர மத்தியானம் தாண்டிவிடும். இன்றைக்கு மேலே மேகமும் இருந்தது; மழையும் பெய்திருக்கும். தண்ணீர் ஏறுவதற்கு முன்பு ஆற்றின் குரல் தடிக்கும், பாபுஜி. அடியிலே கல் உருளும். உங்கள் காது அதைக் கேட்டுவிட்டது. உங்கள் தலைக்குத்தான் அது என்னவென்று தெரியவில்லை. அதனால் அது பயமாக வந்தது. பயந்தது தப்பில்லை. பயந்த பிறகும் அங்கேயே நின்றதுதான் தப்பு."

அந்த வார்த்தை என்னை ஊடுருவிப் போயிற்று. யோசித்துப் பார்த்தால், தனியாக ஆற்றில் மீன்பிடிக்கிறவனுடைய நிலைமை விநோதமானது. கண் தண்ணீரிலேயே பதிந்திருக்கிறது. காதை ஆற்றின் இரைச்சல் அடைத்துவிடுகிறது. முதுகு காட்டின் பக்கம் திறந்து கிடக்கிறது. கூட ஒருவர் இருந்தால் அவருடைய கண்ணும் காதும் நம் முதுகைக் காக்கும். யாரும் இல்லாதபோது சரீரம் தானே ஜாமக்காரனாக நின்று, கிடைத்த சிறு சிறு அடையாளங்களைக் கூட்டிப் பார்த்து, பெயர் சொல்லத் தெரியாத கலக்கமாக நமக்கு அறிவிக்கிறது. மனுஷரைத் தின்னும் புலிகளைத் தேடிக் குமாவோன் காடுகளில் தனியாகத் திரிந்த ஜிம் கார்பெட், மீன்பிடிப்பதிலும் பிரியமுள்ளவர். இப்படிக் காரணம் தெரியாமல் எழும்புகிற எச்சரிக்கையைக் குறித்து அவர் தம்முடைய 'ஜங்கிள் லோர்' என்ற புத்தகத்தில் (1953) எழுதியிருக்கிறார். அப்பேர்ப்பட்ட வேட்டைக்காரர் அந்த உணர்வை ஏளனம் பண்ணவில்லை, அதற்குக் கீழ்ப்படிந்தார். அதைக் கோழைத்தனம் என்று நினைத்துக் கடிந்துகொண்டவன் நான்தான்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆற்றை நினைத்து அல்ல. எங்கள் சபைக்கு வந்துகொண்டிருந்த ஒரு மகளின் முகம் கண்முன் வந்து நின்றது.

அவள் தென் மாவட்டத்திலிருந்து டில்லிக்கு வந்து மருத்துவமனையில் செவிலியராக வேலை செய்கிறவள். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் அந்நாட்களில் இரவு பத்து மணிக்கு முடியும். ஒரு நாள் கூட்டம் முடிந்தபின் அவள் என்னிடம் வந்து, "ஐயா, மேம்பாலத்துக்கு அடியிலே விடுதிக்குப் போகிற வழி எனக்கு என்னவோ சரியில்லாதது போல இருக்கிறது. காரணம் சொல்லத் தெரியவில்லை, பயமாக இருக்கிறது" என்றாள். நான் அவள் தலையின்மேல் கைவைத்து ஜெபித்து, "பயம் தேவனிடத்திலிருந்து வருவதல்ல மகளே, விசுவாசத்தோடே போ" என்று அனுப்பிவிட்டேன். சில வாரங்களில் அவள் வெள்ளிக்கிழமைகளில் வருவதை நிறுத்திவிட்டாள். ஆவிக்குரிய ஜீவியத்தில் அனலற்றுப் போனாள் என்று நான் எண்ணினேன். அதை என் மனைவியிடம் சொல்லவும் செய்தேன்.

டில்லி திரும்பிய அந்த வாரத்திலேயே நானும் என் மனைவியும் அவளுடைய விடுதிக்குப் போனோம். என்ன நடந்தது என்று கேட்டேன். "ஒருவன் இரண்டு வாரம் பின்தொடர்ந்து வந்தான், ஐயா. மூன்றாவது வாரம் மருந்துக்கடையில் ஏறி நின்றுகொண்டேன். கடைக்காரர் தம்முடைய மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்து விடுதிவரை விட்டுப் போனார்" என்றாள்.

"இதை ஏன் எங்களிடம் சொல்லவில்லை, மகளே?"

"முதலிலேயே சொன்னேனே, ஐயா."

சிறிது நேரம் மூவரும் பேசவில்லை. பிறகு அவளே, "நான் கர்த்தரை விட்டுப் போகவில்லை, ஐயா. வெள்ளிக்கிழமை கூட்டத்தைத்தான் விட்டேன்" என்றாள். அவளிடத்தில் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பெயரையும் விவரத்தையும் சொல்லாமல், என் தவற்றைச் சபைக்கு முன்பாகவும் அறிக்கையிட்டேன். அன்றுமுதல் எங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டம் எட்டு மணிக்கு முடிகிறது. தனியாகத் தங்கியிருக்கிற பிள்ளைகளைக் குடும்பங்கள் பொறுப்பெடுத்து வீடுவரை கொண்டுபோய் விடுகின்றன. அவளும் திரும்ப வந்தாள்.

பிரியமானவர்களே, எல்லாப் பயமும் ஒன்றல்ல. எச்சரிக்கிற பயம் நம்மிடத்தில் ஒரு செயலைக் கேட்கும்: எழுந்திரு, விலகு, திரும்பிப் போ, ஒருவரைக் கூட்டிக்கொள் என்று சொல்லும். அதைச் செய்தவுடன் அது தணிந்துவிடும். வாதிக்கிற பயமோ ஒன்றையும் செய்யச் சொல்லாது. நீ கைவிடப்பட்டவன் என்று மாத்திரம் இரவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும். இரண்டாவதை ஜெபத்தினாலும் விசுவாசத்தினாலும் எதிர்த்து நிற்கவேண்டும். முதலாவதற்குக் காலால் கீழ்ப்படியவேண்டும். குழந்தை இயேசுவோடு திரும்பி வந்த யோசேப்பு, யூதேயாவில் அர்கெலாயு ஆளுகிறதைக் கேட்டு அங்கே போகப் பயந்தான். அந்தப் பயத்திற்காக அவன் கடிந்துகொள்ளப்படவில்லை. சொப்பனத்தில் எச்சரிக்கப்பட்டுக் கலிலேயாவுக்கு விலகிப் போனான். தேவாலயத்து உப்பரிகையிலிருந்து தாழக் குதிக்கும்படி சோதனைக்காரன் சொன்னபோது, நம்முடைய ஆண்டவர் குதிக்கவில்லை. நான் கல்மேட்டில் நின்றது அந்தக் குதிப்புக்கு ஒப்பானது.

விடுமுறையில் ஆறுகளுக்கும் காடுகளுக்கும் போகிற குடும்பங்களுக்காகச் சில காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, தனியாகப் போவதைத் தவிருங்கள். போகவேண்டியிருந்தால் எந்த இடம்வரை, எத்தனை மணிக்குள் என்பதை ஒருவரிடம் சொல்லி, எழுதியும் வைத்துவிடுங்கள். மலைக்காட்டில் கைப்பேசி வேலை செய்யும் என்று நம்பவேண்டாம். ஒரு விசில் கழுத்தில் கிடக்கட்டும். சிக்னல் கிடைக்கிற இடத்தில் அவசரத்திற்கு அழைக்க இந்தியா முழுவதற்கும் 112 என்ற எண் உண்டு.

இரண்டாவது, பனி உருகி ஓடும் ஆற்றில் காலையில் கடந்த இடத்தைச் சாயங்காலம் கடக்க முடியாமற்போகும். நடு ஆற்றுத் திட்டுகளில் நிற்காதிருங்கள். கரையில் ஒரு கல்லை அடையாளம் வைத்து அடிக்கடி பாருங்கள். தண்ணீர் கலங்கினாலும், சருகும் குச்சியும் மிதந்து வந்தாலும், இரைச்சல் மாறினாலும், எடுக்கவேண்டிய பொருளையும் விட்டுவிட்டு உடனே மேட்டுக்கு ஏறுங்கள். அணைக்குக் கீழே உள்ள ஆற்றுப்படுகையில், ஆறு வற்றிக் கிடந்தாலும் இறங்கவேண்டாம். மழைக்காலத்தில் மலையாறுகளைக் கிட்டவே நெருங்காதிருங்கள்; 2023ஆம் ஆண்டு ஜூலை மாதம் இதே பியாஸ் நதி குல்லு, மண்டி மாவட்டங்களில் வீடுகளையும் பாலங்களையும் வாரிக்கொண்டு போனதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். நம்முடைய ஊரும் இதற்கு விலக்கல்ல. 2024ஆம் ஆண்டு மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோயிற்று.

மூன்றாவது, கரடி நடமாடும் காட்டில் விடியற்காலத்திலும் அந்தி நேரத்திலும் நடக்கவேண்டாம். நடக்கும்போது பேசுங்கள், பாடுங்கள். பிடித்த மீனின் கழிவைத் தங்கும் இடத்திற்கு அருகே போடாதிருங்கள். கரடி எதிர்ப்பட்டால் ஓடவேண்டாம். அதைப் பார்த்தபடியே மெதுவாகப் பின்வாங்குங்கள்.

நான்காவது, ஒரு பிள்ளையோ, மனைவியோ, வயதானவரோ, "இந்த இடம் எனக்குச் சரியாகப் படவில்லை" என்று சொன்னால், காரணம் கேட்டு வாதாடாதிருங்கள். முதலில் அந்த இடத்தை விட்டு வாருங்கள். காரணத்தைப் பிறகு வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.

மறு வருஷமும் தீர்த்தனுக்குப் போனோம். பெரியவருக்கு டில்லியிலிருந்து ஒரு புதிய தூண்டில் கோல் வாங்கிக்கொண்டு போனேன். அவர் அதை இப்படியும் அப்படியும் வளைத்துப் பார்த்துவிட்டு, பழையதுதான் நல்லது என்றார். ஆனாலும் மறுநாள் அதையே எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார். அன்றைக்கு எங்கள் இருவருக்கும் மீன் ஒன்றும் அகப்படவில்லை. நிழல் காலடிக்கு வந்தபோது அவர் என்னைப் பார்த்தார். நான் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு முன்னே நடந்தேன்.

நீங்கள் போகிற வழிகளிலெல்லாம் கர்த்தர் உங்களைக் காப்பாராக. அவர் உங்களுக்குக் கொடுத்திருக்கிற காதுகளையும் நீங்கள் கேட்பீர்களாக. ஆமென்.